சம்கி அங்கிக்கு ஒரு பியானோ கன்செர்ட்டோ

அன்புள்ள ஐயா,

அமெரிக்க இசையமைப்பாளர் மைக்கேல் டோர்ட்டி, ஆர்க்கெஸ்ட்ராவோடு தனியொருவர் வாசிப்பதற்கென எழுதிய ‘லெ டோம்போ த லிபராச்சி’ என்ற பியானோ கன்செர்ட்டோவைத் தாங்கள் பரிந்துரைத்திருந்தீர்கள். கேட்டுவிட்டு, அமெரிக்கப் பியானோ கலைஞர் லிபராச்சியின் பழைய நிகழ்ச்சிகளையும் தேடிப் பார்த்தேன். விரல் கொள்ளாத மோதிரங்கள், தரையைக் கூட்டிச் செல்லும் அங்கி, பியானோவின்மேல் எரியும் கிளைவிளக்கு. வேடிக்கை காட்டிப் பிழைத்த ஒருவருக்கு இத்தனை உயர்ந்த வடிவத்தைச் செலவிட வேண்டுமா? இது அஞ்சலியா, கேலியா?

கி.

அன்புள்ள கி.,

கன்செர்ட்டோ வேடிக்கைக்கு அப்பாற்பட்டது என்று முதலிலேயே முடிவுகட்டிக்கொண்டு கேட்கிறீர்கள். ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் வாய்மூடிக் காத்திருக்க, தனியொருவர் தம் விரல்வித்தையை அரங்கத்துக்குக் காட்டுவதற்கென்றே ‘கடென்ஸா’ என்று ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருக்கும் வடிவம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பியானோ மேதை லிஸ்ட் வாசித்த அரங்குகளில் எழுந்த வெறியைக் கண்டு, கவிஞர் ஹைன 1844இல் அதற்கு ‘லிஸ்டோமேனியா’ என்றே பெயர் சூட்டினார். 1940இல், இருபது வயது லிபராச்சி சிகாகோ சிம்பனி இசைக்குழுவுடன் வாசித்ததும் அந்த லிஸ்ட்டின் இரண்டாம் கன்செர்ட்டோவைத்தான். முறையாகப் பயின்றவர், தந்தை ஹார்ன் வாசித்தவர் என்பதையெல்லாம் அந்த அங்கியின் பளபளப்பில் நாம் மறந்துவிடுகிறோம்.

அதன்பிறகு அவர் செய்தது உங்களை உறுத்துவதில் வியப்பில்லை. அரைமணி நேரத்துக்கும் மேல் நீளும் சைக்கோவ்ஸ்கியின் முதல் கன்செர்ட்டோவைச் சில நிமிடங்களாக வெட்டி, கேட்பவர் முணுமுணுக்கக்கூடிய மெட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டார். கிளைவிளக்கையும் இசையமைப்பாளர் ஷோப்பானைப் பற்றிய ஒரு ஹாலிவுட் படத்தில் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார். விமர்சகர்கள் பொறுக்கவில்லை, மக்கள் கைதட்டினார்கள். எனக்கும் அந்த வெட்டு பிடிக்காது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் டோர்ட்டி தம் படைப்புக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள். ‘டோம்போ’ என்றால் பிரெஞ்சில் கல்லறை. பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே, மறைந்த இசைஞர்களுக்காக எழுதப்படும் இசைக்கு அங்கே அப்பெயர் உண்டு. நம் கையறுநிலைக்குத் தூரத்து உறவு எனலாம். பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேல் 1914க்கும் 1917க்கும் இடையில், தமக்கு முந்தைய இசைஞர் கூப்பரன் பெயரால் ஒரு டோம்போ எழுதி, அதன் பகுதிகளை முதல் உலகப் போரில் மாண்ட நண்பர்களுக்குக் காணிக்கையாக்கினார். இழவுக்கு எழுதிய அந்த இசையில் ஃபோர்லேன், ரிகோடான், மினுவே என்று மூன்று நடனங்கள் இருக்கின்றன. கேட்டால் ஒப்பாரி காதில் விழாது. காலில் இலேசாகத் தாளம் ஏறும். செத்தவருக்கு ஆட்டத்தை அஞ்சலியாக வைப்பது டோர்ட்டி கண்டுபிடித்த குறும்பு அல்ல.

ஐயோவாவில் ஒரு நடன இசைக்குழு டிரம்மரின் மகனாக 1954இல் பிறந்து, பின்னர் ஹாம்பர்கில் இசையமைப்பாளர் லிகெட்டியிடம் பயின்றவர் டோர்ட்டி. சூப்பர்மேன், எல்விஸ் என்று அமெரிக்கா ரசித்துத் தீர்த்த உருவங்களையே தம் கருப்பொருளாகக் கொண்டார். 1996இல் எழுதிய இந்தக் கன்செர்ட்டோவின் நான்கு பகுதிகளுக்கும் போலி வைரக்கல், காதல், சம்கி, கிளைவிளக்கு ஆகியவற்றிலிருந்து பெயர் வைத்தார். கடைசிப் பகுதி ரும்பா. எட்டு எண்ணிக்கையை மூன்று, மூன்று, இரண்டு என்று உடைத்து, கேட்பவரின் இடுப்பைத் தொந்தரவு செய்யும் தாளத்துக்குப் பேர்போன நடனம் அது. கேலி மட்டுமே நோக்கமென்றால் அந்தத் தாளத்தைக் கோணலாக்கிக் காட்டினால் போதும். டோர்ட்டி அதன் உற்சாகத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். சிரிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை; கூடவே நின்று சிரிக்கும் சிரிப்பு அது.

கேலி என்றால் எப்படியிருக்கும் என்பதை லிபராச்சி அனுபவித்தே அறிந்தவர். அவருடைய ஆண்மையை இகழ்ந்து எழுதிய லண்டன் நாளிதழ் மீது வழக்குத் தொடுத்தார். தாம் ஓரினச்சேர்க்கையாளர் அல்லர் என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, 1959இல் 8,000 பவுண்டு இழப்பீடு பெற்றார். அன்று இங்கிலாந்தில் ஓரினச்சேர்க்கை குற்றமாக இருந்தது. 1987இல் எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்தபோது, மரணத்தின் காரணத்தையும் அவரைச் சேர்ந்தவர்கள் முதலில் மறைத்தார்கள். டோர்ட்டியின் கன்செர்ட்டோவில் இரண்டாம் பகுதிக்கு ‘உன்னை எப்படியெல்லாம் நேசிக்கிறேன்’ என்று பொருள்படும் எலிசபெத் பிரௌனிங்கின் கவிதை வரி தலைப்பாக இருக்கிறது. மறுமுறை கேட்கும்போது அந்தப் பகுதியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். ரும்பாவைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.