வெளிறிய சிவப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிவப்பு ஒயின் வகைகளை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டு வருகிறேன். கபர்னே சொவின்யோன் சுலபமாகப் பிடிபட்டது. பினோ நுவாரில்தான் தடுமாறுகிறேன். கோப்பையில் ஊற்றியதும் தண்ணீர் கலந்துவிட்டார்களோ என்று தோன்றியது. இதையா இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? எனக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. பினோ நுவார் வெளிறிய ஒயின்தான். கோப்பைக்குப் பின்னால் ஒரு புத்தகத்தைப் பிடித்தால் எழுத்துகளைப் படித்துவிடலாம். ஆனால் அதைக் குறை என்று நான் நினைக்கவில்லை.

ஒரு கறுப்புத் திராட்சையின் தோலை உரித்துவிட்டுப் பிழிந்து பாருங்கள். விரலில் வழியும் சாற்றில் அநேகமாக நிறமே இருக்காது. சிவப்பு முழுக்கத் தோலில்தான் இருக்கிறது. சாறு தோலோடு கிடந்து நொதிக்கும்போதுதான் நிறமும் துவர்ப்பும் அதில் இறங்குகின்றன. கபர்னே திராட்சைக்குச் சின்ன மணி, தடித்த தோல். பினோ நுவாருக்கு மெல்லிய தோல், நிறமியும் குறைவு. இதே கறுப்புத் திராட்சையைத் தோலில் ஊறவிடாமல் பிழிந்தெடுத்துத்தான் ஷாம்பெயினும் செய்கிறார்கள்.

அந்த மெல்லிய தோல் விவசாயியைப் படாதபாடு படுத்தும். கொத்து பைன் மரக்காய் மாதிரி நெருக்கமாக இருக்கும். பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். மணிகளுக்கு நடுவே காற்று புகாது. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அழுகல்தான். சீக்கிரமே துளிர்விடுவதால் வசந்தகால உறைபனி தளிரைக் கருக்கிவிடும். வெயில் கூடிப்போனாலோ மணம் மழுங்கி ஜாம் போல ஆகிவிடும். இத்தனைக்கும் பிறகு, 1395-ல் பினோ நுவாரின் தாயகமான பிரான்ஸின் பர்கண்டியில், கோமகன் பிலிப், தாராளமாகக் காய்க்கும் கமே என்ற வேறொரு திராட்சையின் கொடிகளைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். பினோ நின்றது.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? என் பதில் இதுதான்: இந்த ஒயினில் நிறமும் துவர்ப்பும் முன்னால் வந்து நின்று மறைப்பதில்லை. அதனால் கொடி நின்ற இடம் தெரிகிறது. பர்கண்டியில் ஒரு குறுகலான பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் வேறு பெயர், வேறு புட்டி. சிஸ்டர்சியன் துறவிகள் அங்கே வூஜோ என்ற ஊரில் தங்கள் தோட்டத்தைச் சுற்றி எழுப்பிய கல்சுவர் இன்றும் இருக்கிறது. உலகப் புகழ்பெற்ற ரொமானே-கோந்தி தோட்டம் 2 ஹெக்டேர்கூட இல்லை. 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்தத் துண்டு நிலங்களைத்தான்.

நிறத்தை வைத்து வலுவை எடைபோடவும் கூடாது. இத்தாலியில் நெபியோலோ திராட்சையில் செய்யும் பரோலோ ஒயினும் வெளிறியதுதான். ஒரு வாய் குடித்தால் துவர்ப்பு ஈறுகளைப் பிடித்து இழுக்கும்.

சரி, உங்கள் ரசனைக்கு வருவோம். அதில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கபர்னேவை எதிர்பார்த்துக்கொண்டு இதைக் குடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அடுத்த முறை 14, 15 டிகிரிக்குக் குளிர்வித்து, வயிறு அகன்ற கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஊற்றுங்கள். குடிப்பதற்கு முன் நன்றாக முகர்ந்து பாருங்கள். இளம் ஒயினில் செர்ரியும் ராஸ்பெர்ரியும் வரும். வயதான ஒயினில் ஈர இலைச்சருகு, காளான். முடிந்தால் ஒரே தயாரிப்பாளர் ஒரே ஆண்டில் செய்த இரண்டு ஊர் ஒயின்களை, ஜெவ்ரே-ஷாம்பெர்தான் ஒன்று, ஷாம்போல்-முசினி ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முன்னது பெரும்பாலும் கொஞ்சம் முறுக்காக இருக்கும், பின்னது பூப்போல.

அப்புறம், கடைசி இரண்டு வாயை அப்படியே விட்டுவைத்து அரைமணி நேரம் கழித்து மறுபடி முகர்ந்து பாருங்கள். என்ன மாறியிருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.