கனமான ஆஃப்-ரோடு வண்டிக்கு டயரும் ரிம்மும்: கேள்வி பதில்

மூன்று டன்னைத் தாண்டிய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள், கேம்பராக மாற்றிய லாரிகள் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள்.

கேள்வி: சார், என் வண்டியில் கூரைக் கூடாரம், 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, இரண்டாவது டீசல் டேங்க் எல்லாம் ஏற்றியாயிற்று. மொத்தம் 3,300 கிலோ இருக்கும். கம்பெனி கொடுத்த 265/70 ஆர் 17 டயருக்குப் பதில் 285/75 ஆர் 16 போடலாமா?

பதில்: "இருக்கும்" என்ற ஊகத்தை முதலில் விட்டுவிடுங்கள். தண்ணீர், டீசல், ஆட்கள், சாமான் எல்லாவற்றோடும் எடை மேடைக்குப் போங்கள். முன் ஆக்சில் மட்டும் மேடையில் நிற்க ஒரு சீட்டு, பின் ஆக்சில் மட்டும் நிற்க இன்னொரு சீட்டு. முன்னால் 1,400, பின்னால் 1,900 என்று வந்தால் பின் சக்கரம் ஒன்றுக்கு 950 கிலோ. தொட்டி ஒரு பக்கமாக இருந்தால் அந்தப் பக்கம் 1,000-ஐத் தாண்டும், பக்கவாட்டுச் சரிவில் நின்றால் இன்னும் ஏறும். அதனால் டயர் ஒன்று குறைந்தது 1,250 கிலோ தாங்க வேண்டும். இதை முடிவுசெய்த பிறகுதான் அளவு, பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்), பிராண்டு எல்லாம்.

சைடு வாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், அளவை அடுத்து இருக்கும் எண்ணைப் பாருங்கள். 116 என்றால் 1,250 கிலோ, 121 என்றால் 1,450, 126 என்றால் 1,700. 126/123 என்று இரண்டு எண் இருந்தால் முதலாவது ஒற்றை டயருக்கு, அடுத்தது ஒரே பக்கத்தில் இரண்டாகச் சேர்த்து மாட்டும் ஜோடி டயருக்கு. கூட இருக்கும் எழுத்து வேக வரம்பு: க்யூ 160 கி.மீ., ஆர் 170, எஸ் 180.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இதற்கு அடுத்த இடத்தில். எடையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைத்த காற்று. நீங்கள் கேட்ட 285/75 ஆர் 16 அளவிலேயே தாங்கும் சுமையைப் பொறுத்து மூன்று ரகம் உண்டு. சி ரகம் 50 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் 1,250 கிலோ தாங்கும், டி ரகம் 65-இல் 1,500, ஈ ரகம் 80-இல் 1,700. ஈ ரகம் வாங்கி 50 பிஎஸ்ஐ அடித்து ஓட்டினால் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய சி ரகத்தின் 1,250தான். உடல் தடிமனாக இருப்பதால் கல் வெட்டுக்குக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், அது நிஜமான லாபம். உங்கள் எடைக்கு டி அல்லது ஈ எடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, டயரின் அகலம் 285 மி.மீ., அதில் 75 சதவீதம் 214 மி.மீ., அதுதான் சைடு வால் உயரம். இரு பக்கமும் சேர்த்து 428, அதோடு 16 அங்குல ரிம் 406, ஆக விட்டம் 834 மி.மீ. உங்கள் பழைய டயர் 803. வண்டி உயர்வது வித்தியாசத்தில் பாதி, அதாவது 15 மி.மீ. சொச்சம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது 104-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். சைடு வால் 185-இலிருந்து 214 ஆவதுதான் இந்த மாற்றத்தின் உண்மையான பலன், காற்று இறக்கி ஓட்டும்போது தெரியும். ஆனால் 17 அங்குலத்துக்கு அமைத்த பிரேக் காலிப்பர் 16 அங்குல ரிம்முக்குள் அடங்காமல் போகலாம். வாங்குவதற்கு முன் ஒரு ரிம்மை மட்டும் இரவல் வாங்கி மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். இடித்தால் 285/70 ஆர் 17-க்குப் போங்கள். விட்டம் 831, சைடு வால் 200. அதுவும் நல்ல தேர்வுதான்.

கேள்வி: அண்ணா, 17×7.5, ஆஃப்செட் +30 ரிம்மைக் கழற்றிவிட்டு 17×9, ஆஃப்செட் 0 போட ஆசை. பார்வைக்கு நன்றாக இருக்கிறது. வேறு ஏதும் பிரச்சினை வருமா?

பதில்: வரும் தம்பி. ஆஃப்செட் என்பது ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம், அது குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். அகலம் ஒன்றரை அங்குலம் கூடுகிறது, அதில் பாதி 19 மி.மீ. வெளிப்பக்கம் வரும். ஆஃப்செட் மாற்றம் 30 மி.மீ. மொத்தம் 49 மி.மீ. ஒவ்வொரு பக்கமும் வெளியே தள்ளும். ஸ்டீயரிங் திருப்பும்போது டயர் வரையும் வட்டம் பெரிதாகி மட்கார்டின் பின் விளிம்பிலும் பம்பர் மூலையிலும் உரசும். வீல் பேரிங்கின் மேல் நெம்பும் விசை கூடும். ஒரு சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். கனமான வண்டியில் இவை எல்லாமே பெரிதாகத் தெரியும்.

17×8, ஆஃப்செட் +15 போதும். வெளியே வருவது 21 மி.மீ.தான், உள்பக்கம் சஸ்பென்ஷனிலிருந்து 9 மி.மீ. விலகவும் செய்யும். மாட்டிய பிறகு ஒரு முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்பிரிங் முழுக்க அமுங்கிய நிலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்திப் பார்த்தால் உரசல் தெரியாது.

போல்ட் வட்டமும் ஹப் துளையும் பொருந்த வேண்டும். 6×139.7 (139.7 மி.மீ. விட்ட வட்டத்தில் ஆறு போல்ட்) என்பதால் மட்டும் ரிம் பொருந்திவிடாது. நடுத்துளை ஹப்பை விடச் சிறிதாக இருந்தால் ஏறாது, பெரிதாக இருந்தால் மையம் பிடிக்க வளையம் போட வேண்டும்.

கேள்வி: ஏடி (எல்லா வகைத் தரைக்குமான) டயரா, பட்டன் டயரா?

பதில்: சேறு உங்கள் அன்றாடம் என்றால் மட்டும் பட்டன் டயர், அதாவது எம்டி என்கிற சேற்று டயர். அகன்ற இடைவெளியில் சேறு ஒட்டாமல் சுழற்சியில் தெறித்து விழுவதுதான் அதன் வேலை. மழை பெய்த தார்ச் சாலையில் பிரேக் பிடிக்க நீளம் கூடும். மணலில் மிதக்காமல் குழி பறிக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் ஏடி. வண்டி கனமாக இருப்பதால் கூர்மையான சரளையில் சின்னச் சின்னக் கீறல் நிறைந்த பட்டன்கள் துண்டு துண்டாகப் பிய்ந்து போகும். பட்டன் பெரிதாகவும் அதன் அடிப்பாகம் அகலமாகவும் இருக்கும் ஏடியைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஐயா, 9 டன் லாரியை கேம்பராக மாற்றுகிறேன். முன்னால் 3,600, பின்னால் 5,200 கிலோ, எடை போட்டாயிற்று. பின்னால் இருக்கும் ஜோடி டயரை ஒற்றையாக்கலாமா? இப்போது இருப்பது 285/70 ஆர் 19.5.

பதில்: எடை போட்டுவிட்டுக் கேட்டதற்கு நன்றி. காட்டிலும் மணலிலும் ஒற்றை டயர்தான் சிறந்தது. முன் டயர் அமுக்கிவிட்டுப் போன தடத்திலேயே பின் டயரும் உருளும். ஜோடி டயர் புது மணலை மறுபடி அமுக்க வேண்டியிருக்கும். இரண்டு டயருக்கு நடுவே கல் சிக்கினால் இரண்டின் உள் சைடு வாலும் ஒரே நேரத்தில் கிழியும்.

பின் சக்கரம் ஒன்றுக்கு 2,600 கிலோ. 365/80 ஆர் 20 அளவில் 152 கே குறியீட்டு டயர் 3,550 கிலோ தாங்கும், வேகம் 110 கி.மீ. வரை. சுமைக் கணக்கு இடித்துக்கொள்ளாமல் முடிகிறது. இதற்கு 11 அங்குல அகல ரிம் வேண்டும். ஜோடி டயர் ரிம்மையே வைத்துச் சமாளிக்காதீர்கள். எடை ஹப் பேரிங்குகளுக்கு நடுவே விழும்படி ஆஃப்செட் கணக்கிட்டுச் செய்த ரிம் வேண்டும். முன்னும் பின்னும் ஒரே ரிம்மாகச் செய்தால் ஒரே ஸ்டெப்னி எல்லாச் சக்கரத்துக்கும் பொருந்தும்.

விட்டம் 894-இலிருந்து 1,092 ஆகிறது, 22 சதவீதம் கூடுதல். ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிடும். ஏற்றத்தில் முதல் கியர் திணறும், கிளட்ச் தேயும், பிரேக்கின் பிடியும் அதே விகிதத்தில் குறையும். லோ ரேஞ்ச் கியர் இல்லாத வண்டி என்றால் டிஃப் (ஆக்சிலில் உள்ள டிஃபரென்ஷியல்) கியர் விகிதத்தை மாற்றும் செலவையும் சேர்த்தே திட்டமிடுங்கள். ரிம்மோடு ஒரு டயர் நூறு கிலோவைத் தாண்டும், ஸ்டெப்னியை இறக்கி ஏற்றச் சின்ன கிரேன் அல்லது வின்ச் அவசியம். டயர் 3,550 தாங்குகிறது என்பதற்காக ஆக்சிலின் அனுமதி எடை ஒரு கிலோ கூட உயராது.

கேள்வி: முதலில் கேட்டவன்தான் சார். எடை போட்டேன், நீங்கள் சொன்ன கணக்குதான், 1,400, 1,900. டி ரகம் 285/75 ஆர் 16 வாங்கினேன். மணலில் எவ்வளவு காற்று?

பதில்: நல்லது. தார்ச் சாலையில் முன்னால் 38, பின்னால் 45 என்று தொடங்குங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்தது. அரை மணி நேரம் ஓட்டி மறுபடி அளந்தால் 4 முதல் 6 பிஎஸ்ஐ ஏறியிருக்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் காற்று குறைவு, சைடு வால் மடிந்து மடிந்து சூடாகிறது. 4-க்கும் கீழே என்றால் காற்று அதிகம்.

சரளையில் முன்னால் 30, பின்னால் 34, வேகம் 70-க்குள். மணலில் 18-ம் 20-ம், வேகம் 30-க்குள். காற்று இறக்கினால் டயர் அகலமாகிறது என்று நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும், தரையில் படியும் தடம் நீளவாக்கில் நன்றாக நீளும். மணலில் தூக்கிப் பிடிப்பது அந்த நீளம். 15-க்குக் கீழே இறங்கி ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பினால் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார்ச் சாலை வந்ததும் கம்ப்ரசரை எடுத்துக் காற்று அடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 20 பிஎஸ்ஐயில் 80 கி.மீ. வேகம் போனால் டயர் உள்ளேயே வெந்து பிரியும்.

கேள்வி: இரும்பு ரிம்மா, அலாயா?

பதில்: இரும்பு வளையும், சுத்தியலால் தட்டி ஊர் வந்து சேரலாம். அலாய் எடை குறைவு, ஆனால் பலமான அடியில் விரிசல் விடும். எதுவானாலும் ரிம்மின் பின்புறம் பொறித்திருக்கும் தாங்கும் எடையைப் படியுங்கள். 1,500 கிலோ டயரை 900 கிலோ ரிம்மில் மாட்டினால் அந்தச் சக்கரத்தின் வரம்பு 900தான்.

கேள்வி: பழைய ராணுவ லாரியில் லாக் ரிங் ரிம். நானே டயர் மாற்றலாமா?

பதில்: வேண்டாம். லாக் ரிங் என்பது டயரை ரிம்மில் பிடித்து வைக்கும் இரும்பு வளையம். சரியாக உட்காராத வளையம் காற்று அடிக்கும்போது தெறித்தால் ஆளைக் கொல்லும். இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்று அடிக்கும் வசதி உள்ள இடத்தில், பழகிய ஆளிடம் மட்டும் கொடுங்கள். கழற்றும் முன் வால்வின் உள் ஊசியை எடுத்து முழுக் காற்றையும் வெளியேற்ற வேண்டும். துருப்பிடித்த வளையம், வேறு ரிம்மிலிருந்து எடுத்த வளையம் இரண்டையும் மறுபடி மாட்டாதீர்கள்.

கேள்வி: புது அலாய் ரிம் போட்டு 300 கி.மீ. ஆகவில்லை, நட் தளர்கிறது. எத்தனை முறை இறுக்கினாலும் அப்படித்தான்.

பதில்: இறுக்குவதை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கழற்றுங்கள். முதலில் நட்டின் அடிப்பாகம். கூம்பு வடிவத் துளைக்குக் கூம்பு நட், தட்டையான துளைக்கு வாஷர் வைத்த நட். பழைய ரிம்மின் நட்டையே போட்டிருந்தால் அதன் விளிம்பு மட்டும்தான் அலாயைத் தொட்டுக்கொண்டிருக்கும், துளையின் ஓரத்தில் பளபளப்பான மெல்லிய வளையம் தெரியும். அப்படி இருந்தால் நட்டை மாற்றுங்கள், துளை நீள்வட்டமாகியிருந்தால் ரிம்மையும்.

நட் சரி என்றால், ரிம்மும் ஹப்பும் ஒட்டும் முகத்தைப் பாருங்கள். அங்கே பெயின்ட் தடிமனாக அடித்திருந்தால் ஓட ஓட அது நசுங்கி மெலியும், நட் தளர்ந்துகொண்டே இருக்கும். அந்த முகத்தில் மட்டும் பெயின்டைச் சுரண்டி, ஹப்பின் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, சக்கரம் தரையைத் தொடாத நிலையில் எதிரெதிராக நட்டுகளை முடுக்குங்கள். இறக்கிய பின், முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு முறுக்கி, 50 கி.மீ. ஓட்டி ஒருமுறை, 100-இல் இன்னொருமுறை பாருங்கள்.