கடலுக்குப் போகும் கணவருக்கு மலச்சிக்கல்

வணக்கம் சகோதரி. பாம்பனில் விசைப்படகுக்குப் போகும் உங்கள் கணவருக்கு நாலு நாளைக்கு ஒருமுறைதான், அதுவும் முக்கி முக்கித்தான் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். என் அப்பாவும் மண்டபத்தில் படகுக்குப் போனவர். படகில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்க மாட்டார், வந்ததையும் அடக்குவார். அடக்க அடக்கக் குடல் நீரை உறிஞ்சி, மலம் ஆட்டுப்புழுக்கையாக இறுகிவிடும். முக்கினால் மூலம், ஆசனவாய் வெடிப்பு வரலாம். அப்பாவுக்கு இரண்டும் வந்தது.

கரையில் இருக்கும்போது காலைச் சாப்பாடு முடிந்ததும் கழிப்பறைக்குப் போகச் சொல்லுங்கள், குடல் நன்றாக அசையும் நேரம் அது. சோறும் கருவாடும் மட்டும் போதாது. முருங்கைக்கீரை, கொய்யா, சீசனில் பனங்கிழங்கு கொடுங்கள். இவற்றில் நார்ச்சத்து உண்டு. நார்ச்சத்தைக் கூட்டினால் தண்ணீரையும் கூட்ட வேண்டும். படகுக்கு அவருக்கென்று தனிக் கேன் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், மலத்தில் ரத்தமோ காரணமில்லாமல் எடை குறைவதோ தெரிந்தால், மூலம்தானே என்று விடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.