இன்னொரு கோர்ஸ் வேண்டாம், கையில் இருக்கும் புராஜெக்ட் போதும்

மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மகளை இந்த விடுமுறையில் பைத்தான் கோர்ஸில் சேர்ப்பதா, ஜாவாவில் சேர்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம் சார். இரண்டிலும் ஓரளவு எழுதத் தெரியும் என்று நீங்களே சொல்கிறீர்கள். வேலைக்குச் சேரும் புதியவர்கள் பெரும்பாலும் திணறுவது, நாலு பேர் ஒரே மென்பொருளில் கை வைக்கும்போதுதான். அதைக் கல்லூரிப் புராஜெக்ட்டிலேயே பழகலாம். செலவும் இல்லை.

விடுதி மெஸ் கணக்குக்கு ஒரு செயலி செய்கிறார்களாம். நல்ல தேர்வு. கோடு (புரோகிராம் வரிகள்) எழுதும் முன் மெஸ் கணக்கு பார்ப்பவரிடம் போய் உட்காரச் சொல்லுங்கள். ஊருக்குப் போனவருக்கு எத்தனை நாள் லீவிலிருந்து கட்டணம் கழியும்? மாத நடுவில் சேர்ந்தவருக்கு எப்படி? பார்க்க வந்த பெற்றோர் சாப்பிட்டால் யார் கணக்கில் ஏறும்? பதில்களை ஒரே பக்கத்தில் எழுதி, அவரிடமே காட்டி 'சரி' வாங்க வேண்டும். பாதி புராஜெக்ட்டுகள் கெட்டுப்போவது இந்த ஒரு பக்கம் இல்லாததால்தான் என்பது என் கருத்து.

அப்புறம் கிட் (Git). கோடில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் மென்பொருள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வேலைக்காக 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது, இலவசம். வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்பிக்கொள்வதை இன்றோடு நிறுத்தட்டும். சிறு மாற்றத்துக்கும் தனி கமிட், அதாவது கிட்டில் ஒரு பதிவு. அதன் குறிப்பில் 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்' என்றெல்லாம் எழுதாமல், 'மூன்று நாளுக்குக் குறைந்த லீவுக்குக் கழிவு இல்லை' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்தும் புரியும். அந்த விதிக்கு 2, 3, 4 நாள் லீவு மூன்றுக்கும் டெஸ்ட், அதாவது விடை சரியா என்று தானாகப் பார்க்கும் சிறு கோடு, எழுத வேண்டும். தப்பு பெரும்பாலும் எல்லையில்தான் ஒளிந்திருக்கும்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்த பிறகே மெயின் கிளையில், அதாவது எல்லோருக்கும் பொதுவான முதன்மைப் பிரதியில், சேர்க்கட்டும். தோழியின் கோடில் குறை சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் இதை விடக்கூடாது. நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் 8 சர்வர்களில் புதிய கோடை ஏற்றியபோது ஒன்று மட்டும் விட்டுப்போனது. ஏற்றியதை இரண்டாவது ஆள் சரிபார்க்கவில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று அந்த ஒரு சர்வரில் பழைய கோடு உயிர்பெற்று, சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

நேர்காணலில் 'இதில் உங்கள் பங்கு என்ன?' என்று கேட்பார்கள். கமிட் வரலாற்றைத் திறந்து காட்டி, இந்த மாற்றத்தை ஏன் செய்தேன் என்று உங்கள் மகள் சொல்லலாம். காசு கொடுத்து ரெடிமேட் புராஜெக்ட் வாங்கியவர்களால் அது முடியாது. யாராவது அப்படி யோசனை சொன்னால் தயவுசெய்து காது கொடுக்காதீர்கள்.

மெஸ் கணக்குக்காரரை இந்த வாரமே பார்த்துவிடட்டும். விடுமுறை விட்டால் அவரும் ஊருக்குப் போய்விடுவார்.