டாக்டரைக் கேளுங்கள்: அன்று அரைத்தூக்கம், இன்று முழு மயக்கமா?

கேள்வி: எங்களோடு நியூஜெர்சியில் இருக்கும் மாமனாருக்கு வயது 68. நுரையீரல் ஓரத்தில் 14 மி.மீ. கட்டி இருக்கிறது, ரோபோ பிராங்கோஸ்கோப்பியில் (மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்ப்பது) சதை எடுக்க வேண்டும் என்கிறார்கள். முழு மயக்கமாம், வாய் வழியாகக் குழாய் வேறாம். நாலு வருஷம் முன்னால் ஊரில் தொண்டையில் மருந்து அடித்து, ஓர் ஊசி போட்டு அரைத்தூக்கத்திலேயே முடித்தார்களே?

பதில்: அன்றைக்குப் பார்த்தது பெரிய மூச்சுக்குழாய்களை. நடுவில் நாலு இருமல் வந்தாலும் குடி முழுகிப்போகாது. இப்போது 'அயான்' போன்ற கருவியின் 3.5 மி.மீ. குழாய், கிளை கிளையாகப் பிரியும் மூச்சுப்பாதையில் நெளிந்து நெளிந்து ஓரம் வரை போக வேண்டும். (ரோபோ தானாக எதுவும் செய்யாது, திருப்புவது டாக்டர்தான்.) அதற்கு வரைபடம் முன்பே மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி எடுத்த சி.டி. ஸ்கேன். ஆனால் நுரையீரலின் கீழ்ப்பகுதி ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கும், உங்கள் மாமனாரின் கட்டியோ ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஊசி நுழையும் நேரத்தில் ஓர் இருமல் வந்தால் குறி தப்பிவிடும். அதனால்தான் பிரொப்போஃபால் என்ற மயக்க மருந்து நரம்பில் ஓடிக்கொண்டே இருக்கும், தசையைத் தளர்த்தவும் மருந்து தருவார்கள், மூச்சை வென்டிலேட்டர் பார்த்துக்கொள்ளும்.

முழு மயக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. மல்லாந்து படுத்த கொஞ்ச நேரத்தில் முதுகுப்பக்க நுரையீரல் சுருங்க ஆரம்பிக்கும், அந்தச் சுருக்கம், கட்டியைத் தேட உள்ளே விடும் அல்ட்ராசவுண்டில் கட்டி மாதிரியே தெரிந்து ஏமாற்றும். அதற்காகவே மயக்க மருத்துவர் வாய் வழியாக மூச்சுக்கான குழாய் போட்ட கையோடு காற்றை அழுத்தி நுரையீரலை விரித்துவிட்டு, ஆக்சிஜனையும் தேவைக்கு மேல் கொடுக்காமல் கவனித்துக்கொள்வார். இந்தப் பரிசோதனையில் பாதி வேலை அவருடையது என்பேன்.

மயக்க மருத்துவரிடம் எதையும் மறைக்க வேண்டாம். குறட்டை, ஆடும் பல், ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை, எல்லாம் சொல்லுங்கள். அப்புறம் காபி. தண்ணீரை 2 மணி நேரம் முன்பு வரை விடுவார்கள், பால் விட்ட காபி சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி நேரம். "அரை டம்ளர்தானே" என்று விடியற்காலையில் குடித்துவிட்டு வந்து, கேஸ் தள்ளிப்போன பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மறுநாள் தொண்டை கரகரக்கும், எச்சிலில் லேசாக ரத்தம் தெரியலாம், பயப்படாதீர்கள். திடீரென்று நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ வந்தால் மட்டும் நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும், உடனே கிளம்பிவிடுங்கள்.