இட்லிப்பூச் செடி: இலை வெளுக்கிறது, பூ வரவில்லை

மதில் ஓரத்து இட்லிப்பூச் செடியில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இளம் இலைகள் மஞ்சளாகின்றன, மாதாமாதம் கத்தரித்தும் பூ இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள்.

வெளுப்புக்குக் காரணம் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. சிமெண்ட் பூச்சிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடுகிறது. மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. இந்தச் செடிக்குச் சற்றே அமிலத்தன்மையுள்ள மண்தான் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், பிறகு 5 கிராம் பெரஸ் சல்பேட் (இரும்பு உப்பு) கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். 15 நாள் இடைவெளியில் மூன்று முறை போதும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். தரையில் பட்டால் துருக்கறை எளிதில் போகாது, பழைய துணி விரித்துக்கொள்ளுங்கள். பலனைப் புதுத் தளிரில் பாருங்கள். வெளுத்த இலைகள் முழுதாகத் தேறுவது அரிது.

அடியில் மட்கிய இலையை 5 செ.மீ. கனத்துக்கு, தண்டைத் தொடாமல் பரப்புங்கள். சாம்பலும் முட்டை ஓடும் வேண்டவே வேண்டாம், அவை காரத்தைத்தான் கூட்டும்.

பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். மாதாமாதம் வெட்டும்போது மொட்டு கட்டவேண்டிய நுனியே போய்விடுகிறது. இனி பூத்து ஓய்ந்ததும் ஒரு முறை, வாடிய கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டினால் போதும். நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயிலாவது படவேண்டும்.

ஒன்று மட்டும் சரிபாருங்கள்: மஞ்சள் அடியிலைகளில் தொடங்கியிருந்தால் அது வேறு சத்துக் குறைவு, அல்லது வேரில் நீர் தேங்குகிறது. அப்படியானால் இரும்புக் கரைசல் உதவாது.