தயிர் சாதமா, முள் சீத்தாக் கஷாயமா?

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. பெருங்குடலில் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவிவிட்டது, நான்காம் நிலை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ டிரிப்ஸ், அதோடு இரண்டு வாரம் காலையும் இரவும் கேபசிட்டபின் மாத்திரை, பிறகு ஒரு வாரம் ஓய்வு என்று நான்கு சுற்று முடிந்திருக்கிறது. 66 கிலோ இருந்தவர் நான்கு மாதத்தில் 57 கிலோ ஆகிவிட்டார். நோய் எதிர்ப்பு சக்தி கூடட்டும் என்று முள் சீத்தா இலைக் கஷாயம், கோதுமைப் புல் சாறு, மஞ்சள் கேப்சூல், வெளிநாட்டிலிருந்து கொழுந்தனார் அனுப்பிய மல்டிவைட்டமின் எல்லாம் கொடுக்கிறேன். சர்க்கரை புற்றுநோயை வளர்க்கும் என்கிறார்களே, அதனால் இனிப்பை நிறுத்திவிட்டேன். பால், தயிர், முட்டை, மீனும் இல்லை. சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ அவருக்குக் கிடையாது. நேற்று இரவு, "ஒரு கை தயிர் சாதம் கொடேன்" என்று கேட்டார். மறுத்துவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இன்னும் என்ன கொடுத்தால் எதிர்ப்பு சக்தி கூடும்? பாட்டில்களின் படங்களை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இன்னும் என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எதையெல்லாம் நிறுத்தலாம் என்பதிலிருந்து தொடங்குகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புற்றுநோய்ப் பிரிவில் உணவு ஆலோசகராக இருக்கும் எனக்கு உங்கள் வீட்டு அலமாரி புதிதல்ல. கட்டைப்பை நிறைய பாட்டில்களோடு வந்து மேசைமேல் வரிசையாக அடுக்குவார்கள். நோயாளி ஓரமாக, இடுப்பில் நழுவும் வேட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 66, 57 என்ற இரண்டு எண்கள்தாம். ஒன்பது கிலோ என்றால் அவருடைய எடையில் ஏறத்தாழ 14 சதவீதம். ஆறு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தாலே நாங்கள் கவலைப்படுவோம். போனது வெறும் கொழுப்பாக இருந்தால் பரவாயில்லை. இந்த நோயில் தசையும் சேர்ந்து கரையும். தசை கரைந்தால் நடை தளரும், தொற்று வந்தால் தாங்கும் தெம்பு குறையும், கீமோவின் அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ நேரும். எதிர்ப்பு சக்திக்காக நீங்கள் செய்யக்கூடிய பெரிய காரியம் அந்த 57-ஐ இறங்கவிடாமல் பிடித்து வைப்பதுதான். நல்ல எண்ணத்தோடுதான் என்றாலும், எடை நிற்பதற்குத் தேவையான பால், தயிர், முட்டை, மீனைத்தான் நீங்கள் தட்டிலிருந்து எடுத்துவிட்டீர்கள்.

இப்போது பாட்டில்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் மல்டிவைட்டமின் பாட்டிலின் பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொடி எழுத்தில், நான்காவது வரியில் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. மற்றவர்களுக்கு அது சாதாரண வைட்டமின். கேபசிட்டபின் சாப்பிடுகிறவருக்கு அப்படியல்ல. அந்த மருந்து உடலுக்குள் போய் 5-ஃப்ளூரோயுராசில் என்ற கீமோ மருந்தாக மாறுகிறது. ஃபோலிக் அமிலம் போன்ற ஃபோலேட் வகைச் சத்து மாத்திரையாகக் கூடுதலாகச் சேரும்போது அதன் நச்சு விளைவுகள் கடுமையாகலாம்: வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரிவது. இவற்றில் ஏதாவது அவருக்கு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், பாட்டிலையும் காட்டுங்கள். அவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அது அலமாரியிலேயே இருக்கட்டும். சமைத்த கீரையிலும் பருப்பிலும் இருக்கும் ஃபோலேட்டைப் பற்றிப் பயம் வேண்டாம், அவற்றை வழக்கம்போலக் கொடுக்கலாம்.

முள் சீத்தாவைப் பற்றி இந்த ஓராண்டில் எத்தனை பேருக்குப் பதில் சொன்னேன் என்று கணக்கில்லை. ஆய்வுக்கூடத் தட்டில் புற்றுசெல்லின் மேல் அதன் சாற்றை ஊற்றினால் செல் சாகிறது, உண்மைதான். தட்டில் இருக்கும் செல்லைக் கொல்ல எத்தனையோ பொருட்களால் முடியும். மனித உடலில் அது புற்றுநோயைக் குணப்படுத்தியதற்குச் சான்று இல்லை. கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில் இந்தப் பழமும் இலைத் தேநீரும் அன்றாடப் பழக்கம். அங்கே வழக்கமான மருந்துக்கு மசியாத ஒருவகைப் பார்க்கின்சன் (நடுக்குவாதப்) பாதிப்பு அதிகமாக இருப்பதையும், அதற்கும் இந்தப் பழக்கத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதையும் 1999இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்தச் செடியில் உள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்பு செல்களைக் கெடுக்கக்கூடியது. ஆக்ஸாலிபிளாட்டினும் நரம்பைத் தாக்கும் மருந்துதான். ஏற்கெனவே அந்த மருந்து ஏறுகிறவருக்குத் தினமும் ஒரு டம்ளர் கஷாயம் எதற்கு?

மஞ்சள் கேப்சூலும் வேண்டாம். ரசத்திலும் குழம்பிலும் போடும் மஞ்சள் நமக்குப் பழகியது, அது தொடரட்டும். கேப்சூலில் இருப்பது பிரித்தெடுத்துச் செறிவாக்கிய குர்குமின். தானாக உடம்பில் ஒட்டாது என்று மிளகின் பைப்பரினைச் சேர்த்து விற்கிறார்கள். அது கல்லீரல் மற்ற மருந்துகளைக் கையாளும் விதத்தையும் மாற்றக்கூடும். இத்தகைய கேப்சூலால் கல்லீரல் வீங்கியவர்களும் உண்டு. உங்கள் கணவருக்குக் கல்லீரலில்தான் நோய் பரவியிருக்கிறது. கோதுமைப் புல் சாறு பச்சையாக அரைத்துக் குடிப்பது. வேரோரத்து மண்ணும் கிருமியும் அதில் சேர வாய்ப்புண்டு, ஆகவே கீமோ முடியும்வரை வேண்டாம்.

‘வைட்டமின்தானே, கெடுதல் என்ன வந்துவிடும்’ என்று கொழுந்தனார் கேட்பார். இரண்டு முறை நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் லைனஸ் பாலிங், ஈவன் கேமரன் என்ற மருத்துவரோடு சேர்ந்து, அதிக அளவு வைட்டமின் சி முற்றிய புற்றுநோயாளிகளின் ஆயுளைக் கூட்டுகிறது என்று 1976இல் எழுதினார். உலகமே நம்பியது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை தினம் 10 கிராம் கொடுத்துச் சோதித்து 1979இலும் 1985இலும் முடிவை வெளியிட்டது. மாத்திரை தின்றவர்களுக்கும் வெற்று மாத்திரை தின்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த மாத்திரை அது. வைட்டமின் டி, பி12, இரும்பு இவையெல்லாம் இரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்து டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

சர்க்கரைக் கதைக்கும் ஒரு மூலம் உண்டு. புற்றுசெல் குளுக்கோஸை மிகுதியாக விழுங்குகிறது என்று ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். அதுவும் உண்மை. ஆனால் வாயில் போடும் இனிப்பை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது. உடல் தன் தசையைக் கரைத்தாவது இரத்தத்தில் குளுக்கோஸ் அளவைக் காப்பாற்றும். இப்படிக் கரைந்ததையும் சேர்த்துத்தான் தராசு 57 என்று காட்டுகிறது. அவர் காபிக்குச் சர்க்கரை போடுங்கள். கேசரி கேட்டால் நெய் விட்டுக் கிளறிக் கொடுங்கள்.

அவருடைய எடைக்கு ஒரு நாளைக்கு 1,400 முதல் 1,700 கலோரியும், 57 முதல் 85 கிராம் வரை புரதமும் வேண்டும். பயப்படாதீர்கள், எண்ணிக்கையில் பெரிதாகத் தெரிகிறதே தவிர நம் சமையலில் அடங்கிவிடும். இரண்டு முட்டையில் 12 கிராம், அரை லிட்டர் பாலிலும் தயிரிலுமாக 16, ஐம்பது கிராம் துவரம்பருப்பில் 11, மீன் நூறு கிராமில் 20. மீதியை இட்லியும் சோறும் ஒரு பிடி சுண்டலும் பார்த்துக்கொள்ளும். பசியில்லாதவருக்கு மூன்று வேளை என்ற கணக்கே வேண்டாம். இரண்டு மணிக்கு ஒரு தடவை, சின்னக் கிண்ணத்தில். கஞ்சியைத் தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்சுங்கள். பொட்டுக்கடலை மாவு இரண்டு கரண்டி கலந்தால் அவருக்கே தெரியாது. சாப்பாட்டுக்கு முன்னால் டம்ளர் டம்ளராக ரசம் கொடுத்து வயிற்றை அடைக்காதீர்கள். எல்லாமே இரும்பு கடித்த மாதிரி இருக்கிறது என்பாரானால் ஸ்பூனைப் போட்டுவிட்டுக் கையால் சாப்பிடச் சொல்லுங்கள், வாய்ப்புண் இல்லாத நாட்களில் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். மாலையில் தெருமுனை வரையாவது நடக்கட்டும். அசையாத உடம்பில் புரதம் தசையாவது கடினம்.

கேபசிட்டபின் மாத்திரையை, உணவு சாப்பிட்டு முடித்த அரை மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். காலையில் கஷாயத்தைக் குடித்துவிட்டு வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறாரா என்று ஒரு சந்தேகம் எனக்கு.

எதிர்ப்பு சக்தி என்று மருத்துவமனையில் நாங்கள் எண்ணிப் பார்ப்பது முக்கியமாக நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை. கீமோ ஏறி ஒன்று, இரண்டு வாரத்தில் அவை அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த இறக்கத்தை எந்தச் சாறும் தடுக்காது. தேவைப்பட்டால் அதற்கென்றே ஊசி இருக்கிறது, டாக்டர் போடுவார். உங்கள் வேலை சமையலறைச் சுத்தம். கொதித்து ஆறிய தண்ணீர், மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வெந்த முட்டை, அன்று சமைத்ததை அன்றே. கடையில் நறுக்கி வைத்த பழம் வேண்டாம். பழைய சோறு எனக்கும் உயிர்தான், என்றாலும் இரவெல்லாம் வெளியே இருந்த சோறு இந்த நாட்களில் அவருக்கு ஆகாது. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஒரே நாளில் வழக்கத்தைவிட நான்கு தடவை கூடுதலாக வயிற்றால் போனாலும் அடுத்த மாத்திரையைப் போடுவதற்குள் டாக்டருக்கு போன் செய்ய வேண்டும்.

ஒன்றைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. இத்தனை செய்தும் எடை இறங்கலாம். நோயே பசியைக் கொன்று தசையை அரிக்கும் கட்டம் ஒன்று உண்டு. அப்போது கட்டாயப்படுத்தி ஊட்டினால் வாந்திதான் மிஞ்சும். உங்கள் சமையலில் குறை என்று அர்த்தமில்லை. வலி, குமட்டல், தூக்கமின்மையைக் கவனிக்கிற ஆதரவுச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள். கடைசி நாட்களுக்கு மட்டுமானது என்று நினைத்து எல்லோரும் தாமதமாகவே வருகிறார்கள்.

கொழுந்தனாரிடம் சண்டை வேண்டாம். டாக்டர் தடுத்துவிட்டார் என்று பழியை எங்கள் மேல் போடுங்கள், நாங்கள் பழகியவர்கள். பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் நல்ல மீன் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

தயிர் சாதத்துக்கு வருகிறேன். இன்று பால் காய்ச்சி வீட்டிலேயே உறையூற்றுங்கள். வெள்ளணு மிகக் குறைந்திருக்கிறது, தயிர் வேண்டாம் என்று டாக்டர் சொல்லும் நாட்களில் மட்டும் அதைப் பால் சாதமாக மாற்றிக்கொள்ளலாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தயிரை அப்படியே பிசையாதீர்கள். ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்தது பட்டால் விரல் சுரீரென்று குத்தும், தொண்டை அடைத்துக்கொண்ட மாதிரி திகைப்பார். சோற்றைக் குழைய வடித்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே கொஞ்சம் பாலும் வெண்ணெயும் சேர்த்து மசித்து, பிறகு தயிர். வாயில் புண் இருந்தால் மிளகாயும் இஞ்சியும் வேண்டாம், உப்பு போதும். ஒரு கை என்றுதானே கேட்டார்? ஒரு கை அளவே வையுங்கள், தட்டு நிறையப் பார்த்தால் பாதியிலேயே மலைத்துவிடுவார். தீர்ந்தபின் இன்னொரு கை கேட்டாரா என்று எனக்கு எழுதுங்கள்.